அபயதானத்திற்கு விலை உண்டோ?

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி உத்திரமேரூரில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் அளித்த பொருள் 'தானமும் இக்கால வாழ்வும்' என்பது. ஆகாரதானம், ஔடததானம், சாத்திரதானம், அபயதானம் எனத் தானம் நான்கு என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். முதல் மூன்றையும் ஆண்டுதோறும் செய்து வருகிறோம். அவற்றைப் பற்றி ஆண்டுதோறும் பேசியும் வருகிறோம். நான்காவதாகிய அபயதானத்தை, கறிக்கடைக்குச் செல்லும் ஆட்டை விலை கொடுத்து மீட்பது என்ற அளவிலே நிறுத்தி விடுகிறோம். அச்சத்தில் அகப்பட்ட மனிதன் ஒருவனை மீட்பதும் அபயதானமே அன்றோ? அத்தகைய மீட்பு பற்றி இந்நாளில் எழுந்துள்ள ஒரு வழக்கினை உங்கள் முன் வைத்து, நம் ஆகமங்களின் துணைகொண்டு ஆராய விரும்புகிறேன்.

வழக்கு இதுதான். காட்டிலோ மலையிலோ ஒருவர் தம் விருப்பத்தால் சென்று சிக்கிக் கொள்கிறார். அவரைத் தேடுவதற்கு வனத்துறையும் தீயணைப்புத் துறையும் சில வேளைகளில் விமானப்படையும் இராணுவமும் செல்கின்றன. பெரும்பொருள் செலவாகிறது. இச்செலவை மீட்கப்பட்டவரிடமிருந்தே பெற வேண்டுமா, அரசே ஏற்க வேண்டுமா?

இது நமக்குத் தொடர்பற்ற வழக்கு என்று எவரும் எண்ண வேண்டா. நம் பிள்ளைகளில் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் பணியாற்றுகின்றனர். விடுமுறை நாட்களில் நண்பர்களோடு மலையேறச் செல்வது அவர்களிடையே பெருகி வருகிறது. பெரியோர்களோ சம்மேத சிகரத்திற்கும் ஊர்ஜயந்தகிரிக்கும் யாத்திரை செல்கின்றனர். சம்மேத சிகரத்தில் ஏறி, தீர்த்தங்கரர் இருபதின்மர் முத்தியடைந்த கூடங்களை வலம் வந்து இறங்க, ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வெறுங்காலோடு, பின்னிரவில் புறப்பட்டு, பலர் உண்ணா நோன்போடு ஏறுகின்றனர். கிர்நார் மலைக்குப் பத்தாயிரம் அளவிலான படிகள். மூட்டு வலியும் இதய நோயும் உடையோரும் அப்படிகளில் ஏறத்தான் செய்கின்றனர். ஆகவே, மலையில் விழுந்தவர் பணம் கட்ட வேண்டுமா என்ற வினா நம் வீட்டுத் திண்ணைக்கும் உரிய வினாவே.

குரங்கணி

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையைத் தமிழ்நாடு மறக்கவில்லை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்த இரு குழுவினர் கொழுக்குமலை சென்று இறங்கும் வழியில் அத்தீயிடையே அகப்பட்டனர். முதலில் ஒன்பதின்மர் இறந்ததாகச் செய்தி வந்தது. பின்னர் மருத்துவமனைகளில் ஒவ்வொருவராக உயிர்நீத்து, இறந்தோர் எண்ணிக்கை 23 ஆயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் இளையோர்.

அன்று மாலை அம்மலைக்கு முதலில் ஓடி ஏறியவர்கள் யார்? சுற்றுவட்டாரக் கிராமத்தாரும், மலைவாழ் மக்களும், தோட்டத் தொழிலாளருமே. கையில் கிடைத்த துணியையும் போர்வையையும் தூளியாகக் கட்டி, தீப்புண்பட்டவர்களைத் தோளில் சுமந்து இருளில் சரிவிறங்கினர். பின்னர் வனத்துறையினரும் தீயணைப்பு வீரரும் காவலரும் சேர்ந்தனர். விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. அந்த மலையில் எவரும், "இதற்குரிய செலவை யார் தருவார்?" என்று கேட்டதாக நாம் அறியோம்.

அக்குழுவினர் சென்ற வழி, வனத்துறை இசைவளித்த வழியன்று என்று அப்போது கூறப்பட்டது. அரசு, வருவாய்த்துறையின் முதன்மைச் செயலாளர் அதுல்ய மிஸ்ராவை விசாரணை அலுவலராக நியமித்தது. அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளும் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில், 40 தடங்களைத் தேர்ந்து, முன்பதிவும் கட்டணமும் வழிகாட்டியும் உடைய திட்டம் ஒன்றை அரசு தொடங்கியது. காட்டுத்தீப் பருவமாகிய பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை 2025-இல் அத்தடங்கள் மூடப்பட்டன. இருபத்து மூன்று உயிர்களின் விலையில் கற்ற பாடங்கள் இவை.

மலம்புழா

இரண்டாவது நிகழ்ச்சி, நம் எல்லையை அடுத்த பாலக்காட்டு மாவட்டத்தில் நிகழ்ந்தது. 2022 பிப்ரவரி 7-ஆம் நாள், மலம்புழாவை ஒட்டிய செராடு மலையில் ஏறிய இளைஞர் ஒருவர் இறங்கும்போது வழுக்கி, செங்குத்துப் பாறையின் பிளவொன்றில் அகப்பட்டார். உணவும் நீரும் இன்றி, காலில் காயத்தோடு, நாற்பது மணி நேரத்திற்கும் மேலாக அங்கேயே இருந்தார். ஹெலிகாப்டர் அணுக முடியவில்லை. நீலகிரியின் வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த இராணுவ வீரர்கள் கயிறு கட்டி இறங்கி, 9-ஆம் நாள் காலை அவரை உயிரோடு மேலே கொணர்ந்தனர். கேரளம் முழுதும் அன்று மகிழ்ந்தது.

மகிழ்ச்சி சில நாட்களே நிலைத்தது. மீட்புக்கு ஏறத்தாழ முக்கால் கோடி ரூபாய் செலவாயிற்று என்ற கணக்கு நாளிதழ்களில் வந்தது. இசைவின்றி வனத்துள் புகுந்தவர்மீது வழக்கு இல்லையா என்று மக்கள் கேட்டனர். முதலில் வழக்கு வேண்டா என்றிருந்த அரசு, அம்மலையில் வேறு சிலரும் ஏற முற்பட்டபின் நிலையை மாற்றி, வழக்குப் பதிந்தது. ஒருவரைக் காத்தது மற்றவரை அசட்டையாக்கி விட்டதோ என்ற ஐயம் அங்கே எழுந்தது. அந்த ஐயம் நேர்மையானது. அதனை எளிதில் ஒதுக்கித் தள்ளுதல் ஆகாது.

பணம் பெற வேண்டும் என்போர் கூற்று

அவர்கள் கூறுவன மூன்று.

முதலாவது: அரசின் கருவூலம் ஏழையின் வரியாலும் நிரம்புகிறது. களத்துமேட்டில் கூலி வேலை செய்யும் ஒருத்தி சோப்பு வாங்கினாலும் வரி செலுத்துகிறாள். அவள் வாழ்நாளில் பொழுதுபோக்கிற்காக ஒரு மலையையும் ஏறியவள் அல்லள். வசதியுள்ளோர் விளையாட்டுக்கு அவள் ஏன் ஈடுகட்ட வேண்டும்?

இரண்டாவது: விலையில்லாதது எதனையும் மனிதர் மதிப்பதில்லை. தவறினால் எவரேனும் வந்து தூக்கிச் செல்வர் என்ற நம்பிக்கை, கால் வைக்கும் இடத்தில் கவனத்தைக் குறைக்கும்.

மூன்றாவது: மீட்கச் செல்வோரும் உயிருடையோரே. காட்டில் பணி செய்வது எத்துணை இடர் மிக்கது என்பதற்கு ஒன்று கூறுவேன். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் காட்டுத்தீயை அணைக்கச் சென்ற வனத்துறைப் பணியாளர் மூவர் அத்தீயிலேயே மாண்டனர். ஒருவரின் அசட்டை, அவரைத் தேடிச் செல்லும் மற்றொருவரின் மனைவியைக் கைம்பெண் ஆக்குமாயின், அது ஹிம்சை அன்றோ?

இம்மூன்றனுள் மூன்றாவதே மிக வலியது. அதற்குரிய விடையை நம் ஆகமங்களிலிருந்தே தேட வேண்டும்.

ஆகமம் கூறும் இரு அறங்கள்

நம் காஞ்சியோடு தொடர்புடையவராகப் போற்றப்பெறும் சமந்தபத்திராசாரியர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தை நாம் அறிவோம். அருங்கலச்செப்பு என்னும் தமிழ் நூல் அதன் வழி வந்தது. இல்லறத்தாருக்குரிய குணவிரதங்களுள் இரண்டு இவ்வழக்கிற்கு நேராகப் பொருந்துவன.

ஒன்று திக்விரதம். இன்ன ஆறு, இன்ன மலை, இன்ன காடு வரையில்தான் செல்வேன் எனத் திசைகளுக்கு எல்லை வகுத்துக் கொள்ளுதல். எல்லைக்கு அப்பால் நம்மால் நேரக்கூடிய ஹிம்சை அத்தனையும் இதனால் தவிர்க்கப்படுகிறது. மற்றொன்று அநர்த்ததண்ட விரதம். பயனின்றிப் பிற உயிர்க்குத் துன்பம் விளைவிக்கும் செயல்களை விடுதல். அதன் ஐந்து வகைகளுள் ஒன்று பிரமாதசரியை. நோக்கமின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரை இறைத்தல், தீயை மூட்டுதல், செடி கொடிகளை ஒடித்தல், வீணே அலைதல் ஆகியன அதன்பாற் படும். கோடையில் காய்ந்த புல்வெளியில் சமைப்பதற்காகத் தீ மூட்டும் ஒருவன், தன் உயிரை மட்டுமா பணயம் வைக்கிறான்? அப்புல்லிலுள்ள எண்ணற்ற சிற்றுயிர்களையும், தன்னைத் தேடி வரப்போகிறவனையும் சேர்த்தே வைக்கிறான். ஆகவே அசட்டை குற்றம் என்பதில் நம் நெறிக்கு இரண்டாவது கருத்து இல்லை. உலகியல் சட்டத்தினும் கடுமையாகவே நம் ஆசாரியர்கள் அதனைக் கண்டித்துள்ளனர்.

ஆயினும் அதே நூல் மற்றோர் அறத்தையும் கூறுகிறது. தானத்திற்குச் சான்றாக நால்வரை எடுத்துக்காட்டும் இடத்தில், அரசரையும் வணிகர் மகளையும் கூறும் ஆசாரியர், நான்காவதாக ஒரு காட்டுப்பன்றியைக் கூறுகிறார். உரையாசிரியர் அக்கதையை விரிக்கிறார். முற்பிறவியில் முனிவர் ஒருவர்க்குத் தங்க இடமளித்த குயவன் பன்றியாகவும், அம்முனிவரை வெளியேற்றிய நாவிதன் புலியாகவும் பிறந்தனர். காட்டுக் குகையொன்றில் முனிவர் இருவர் தங்கியிருந்தனர். அவர்களைக் கண்டதும் பன்றிக்கு முற்பிறவி உணர்வு வந்தது. மனித வாடை அறிந்து அவர்களைத் தின்ன வந்தது புலி. பன்றி குகை வாயிலில் நின்று தடுத்தது. இரண்டும் பொருது இரண்டும் மாண்டன. காக்கும் எண்ணத்தோடு மாண்ட பன்றி சௌதர்ம கல்பத்தில் தேவனாயிற்று. கொல்லும் எண்ணத்தோடு மாண்ட புலி நரகம் புக்கது. இரண்டும் போரிட்டன என்பது ஒன்றே. எண்ணம் வேறுபட்டதால் கதியும் வேறுபட்டது.

இங்கே ஒரு தடை எழலாம். குகையில் இருந்தவர்கள் தவத்தின் பொருட்டு இருந்த முனிவர். மலையேறுவோர் பொழுதுபோக்கிற்குச் சென்றவர். இருவரையும் ஒன்றாக வைக்கலாமா? வைக்க வேண்டியதில்லை. ஜினசேனாசாரியர் ஆதிபுராணத்தில் தானத்தைத் தயாதத்தி, பாத்திரதத்தி, சமதத்தி, அன்வயதத்தி என நான்காகப் பகுக்கிறார். முனிவர்க்கு அளிப்பது பாத்திரதத்தி. அங்கே பெறுவோரின் தகுதி ஆராயப்படும். அஞ்சி நடுங்கும் உயிர்க்கு அருளினால் அபயம் அளிப்பது தயாதத்தி. அங்கே தகுதி என்ற சொல்லுக்கே இடமில்லை; துன்பம் ஒன்றே தகுதி. பாறைப் பிளவில் இரண்டு இரவு நடுங்கிக் கிடந்தவன் தயாதத்திக்கு உரியவன். அவன் அங்கே எவ்வாறு சென்றான் என்பது பின்னர்க் கேட்க வேண்டிய கேள்வி.

இவ்விரு அறங்களையும் ஒன்றோடொன்று கலந்து விடுவதால்தான் குழப்பம் நேர்கிறது. அசட்டைக்குத் தண்டம் உண்டு. அபயத்திற்கு விலை இல்லை. தண்டத்தை மீட்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாகாது.

நாமும் மீட்கப்பட்டவர்களே

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். அடையாறு பெருகி, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் நீரில் மூழ்கின. மாடியில் நின்று கையசைத்த குடும்பங்களைத் தேடி, அரக்கோணத்தை இருப்பிடமாகக் கொண்ட தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்தனர், இராணுவத்தார் வந்தனர், கடற்கரையிலிருந்து மீனவர் தம் படகுகளை வண்டியில் ஏற்றிக் கொணர்ந்தனர். மூழ்கிய வீடுகளுள் சில, நீர் செல்லும் தாழ்நிலத்தில் எழுந்தவை. வாங்கியோர் பலர் அதனை அறிந்தும் வாங்கினர். படகில் ஏறும் முன் எவரிடமேனும் பத்திரம் காட்டு என்று கேட்டார்களா? நீர்நிலையில் வீடு கட்டியவனுக்குக் கட்டணம் என்று எவரேனும் விதித்தார்களா? விதித்திருப்பின் அதனை நாம் கொடுமை என்றே கூறியிருப்போம். மலையில் சிக்கியவனுக்கு ஒரு நீதியும், மாடியில் சிக்கியவனுக்கு மற்றொரு நீதியும் இருத்தல் இயலாது.

மற்றொரு சான்று இன்னும் அருகில் உள்ளது. 2021 டிசம்பர் 18-ஆம் நாள் மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற திட்டம் தொடங்கப்பெற்றது. சாலை விபத்தில் அடிபட்டவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை, ஒரு லட்சம் ரூபாய் வரையில், அரசே ஏற்கும் என்ற நிலையில் அது தொடங்கிற்று. தலைக்கவசம் அணிந்திருந்தாரா என்று கேட்டபின் மருத்துவர் ஊசி போடுவதில்லை. அதே வேளையில், தலைக்கவசம் அணியாதவர்க்கு ஆயிரம் ரூபாய் தண்டம் என்ற விதியும் நடைமுறையில் உள்ளது. சாலையில் காவலர் தண்டம் விதிக்கிறார். மருத்துவமனையில் மருத்துவர் உயிர் காக்கிறார். இருவர் பணியும் வேறு வேறு. சாலைக்கு நாம் ஏற்றுக்கொண்ட இம்முறையை மலைக்கும் ஏற்றுக்கொள்வதில் என்ன தடை?

பிறநாட்டு வழக்கங்கள்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், அசட்டையால் மலையில் சிக்கியோரிடம் மீட்புச் செலவைப் பெறலாம் என்ற சட்டம் உண்டு. அங்கே 25 டாலர் கொடுத்து ஓர் அட்டை பெற்றவர்க்கு, அவர் தரப்பில் அசட்டை இருப்பினும், மீட்புச் செலவு பெரும்பாலும் கேட்கப்படாது. அவ்வாறு திரளும் பணம் மீட்புப் பணிக்கே செல்கிறது. சுவிட்சர்லாந்தில் 1952-இல் தொடங்கிய ரேகா என்னும் வான்வழி மீட்பு அமைப்பு, ஆண்டுதோறும் குடிமக்கள் விரும்பி அளிக்கும் நன்கொடையால் வாழ்கிறது. பிரிட்டனின் மலை மீட்புக் குழுவினர் ஊதியமின்றிப் பணி செய்யும் தொண்டர்கள். அவர்கள் மீட்கப்பட்டவரிடம் எதுவும் பெறுவதில்லை.

பணம் புகுந்த இடத்தில் நேர்ந்த கேட்டிற்கும் சான்று உண்டு. நேபாளத்தில் மலையேறுவோரின் காப்பீட்டுப் பணத்தைக் குறிவைத்து, சிறு தலைவலிக்கும் ஹெலிகாப்டர் அழைத்து, பொய்க் கணக்கு எழுதிய மோசடி 2018-இல் அந்நாட்டு அரசின் விசாரணையில் வெளிப்பட்டது. மீட்பு வாணிகமாகும் இடத்தில், மீட்கத் தேவையற்றவரும் மீட்கப்படுவர். பணமற்றவர் காத்துக் கிடப்பர்.

மீட்புப் பணியில் தேர்ந்தோர் மற்றோர் அச்சத்தையும் தெரிவிக்கின்றனர். கட்டணம் உண்டு என்று அறிந்தவன் உதவி கேட்கத் தயங்குவான். நண்பகலில் காலொடிந்தவன், சற்றுப் பொறுப்போம், நாமே இறங்கி விடலாம் என எண்ணி மாலை வரை தாமதிப்பான். நண்பகலில் நான்கு பேர் இரண்டு மணி நேரத்தில் முடிக்கக்கூடிய பணி, நள்ளிரவில் நாற்பது பேர் உயிரைப் பணயம் வைக்கும் பணியாகும். மீட்போரின் உயிரைக் காக்கும் பொருட்டு விதித்த கட்டணமே அவர்களை இருளில் அனுப்பும். முன்னர்க் கூறிய மூன்றாவது வாதத்திற்கு விடை இதுவே.

நம்மூர்க் கல்வெட்டு கூறுவது

இரண்டாவது வாதத்திற்கும் முதலாவது வாதத்திற்கும் விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டா. நாம் கூடியிருக்கும் இவ்வூரின் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதற் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையை உலகமே போற்றுகிறது. ஆயினும் அக்குடவோலை எதற்காக இடப்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டத்தைக் காக்கத் தோட்ட வாரியம், பொன்னை ஆராயப் பொன் வாரியம் எனப் பொதுநலப் பணிகளைச் செய்வதற்கே அது இடப்பட்டது. பல்லவர் காலத்து வைரமேக தடாகத்தைத் தூர் வாரிக் காப்பதற்கென அறக்கொடைகள் அளிக்கப்பெற்ற செய்தியும் இவ்வூர்க் கல்வெட்டுகளில் உண்டு.

ஏரிக்கரை ஒரு மழை இரவில் உடைந்தால் ஊர் என்ன செய்யும்? மண்வெட்டியும் மணல் மூட்டையுமாக ஓடும். உடைப்புக்கு அருகில் நிலம் உடையவன் மட்டும் வரட்டும் என்று எவரும் சொல்வதில்லை. தன் வயலுக்குத் திருட்டுத்தனமாக நீர் பாய்ச்சுவதற்காகக் கரையை வெட்டியவன் எவன் என்ற விசாரணையும் அந்த இரவில் நடப்பதில்லை. மறுநாள் ஊர் கூடி அதனைக் கேட்கும், தண்டமும் விதிக்கும். அடைப்பது இரவின் கடமை. கேட்பது பகலின் கடமை. ஏரியின்கீழ் ஒரு சாண் நிலமும் இல்லாத கூலியாளும் அந்த இரவில் மூட்டை சுமக்கிறான். நாளை அவன் குடிசை தீப்பற்றினால் இதே ஊர் குடத்தோடு ஓடி வரும் என்பதை அவன் அறிவான். களத்துமேட்டுப் பெண்ணின் வரிப்பணமும் அவ்வாறே. அவள் மகன் கிணற்றில் விழுந்த அன்று தீயணைப்பு வண்டி விலை கேளாமல் வருவதற்கும் அவ்வரியே காப்பு.

பிறர் பணத்தால் செய்வது தானமாகுமா என்று கேட்டால், ஆகாது. அரசு செய்யும் மீட்பைத் தானம் என்று நான் கூறவில்லை. அது ஏரி வாரியம் போன்ற கடமை. நாம் தனியாக அளிப்பதே தானம்.

அக்கல்வெட்டில் மற்றொரு செய்தியும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதி அற்றவர். மீட்புப் பணத்திற்கும் இவ்விதி வேண்டும். எவ்வளவு செலவாயிற்று, தூளி சுமந்த தொழிலாளிக்கு என்ன கிடைத்தது என்று அரசு வெளிப்படையாகக் கணக்குக் காட்டுமாயின், வதந்திக் கணக்குகளுக்கு இடமிராது.

முடிவாக

என் கருத்தைத் தொகுத்துக் கூறுகிறேன்.

மீட்பின் பொழுதில் விலை பேசலாகாது. மீட்டபின் விலைச்சீட்டும் நீட்டலாகாது. இசைவின்றித் தடைசெய்த வனத்துள் புகுதல், தீ மூட்டுதல் முதலிய குற்றங்களுக்குச் சட்டம் வகுத்த தண்டம் உண்டு. அது மீட்கப்பட்டவர்க்கும் மீட்கப்படாமல் தாமே இறங்கி வந்தவர்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். கட்டணம் பெற்று மலைக்கு அழைத்துச் செல்லும் அமைப்புகள், செல்லும் முன்னரே ஒவ்வொருவர்க்கும் காப்பீடு செய்தல் வேண்டும். மலையேறும் அனுமதிக் கட்டணத்தில் ஒரு பகுதி மீட்புப் பணிக்கென ஒதுக்கப்பட வேண்டும். முதலில் ஓடி வரும் உள்ளூர் மக்களுக்குக் கூலியும், காயமுற்றால் மருத்துவமும், உயிரிழந்தால் குடும்பத்திற்கு வாழ்வாதாரமும் உறுதி செய்யப்பட வேண்டும். குரங்கணியில் தூளி சுமந்தவர்களுக்கு நாம் கைதட்டியது போதாது.

மீட்கப்பட்டவர்க்குக் கடன் ஏதும் இல்லையோ எனின், உண்டு. அது நன்றிக் கடன். சட்டம் அதனைக் கேட்காது, மனச்சான்று கேட்கும். வசதியுள்ளவர் மீட்போர்க்கென விரும்பி அளிக்கும் கொடையே அக்கடனைத் தீர்க்கும் வழி.

இனி நம் அறக்கட்டளையின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். நம் யாத்திரைக் குழுக்களில் செல்வோர் அனைவரின் பெயர், வயது, நோய், உறவினர் தொலைபேசி எண் ஆகியவற்றைப் புறப்படும் முன்னரே எழுதி, ஒரு படி ஊரிலும் ஒரு படி குழுத் தலைவரிடமும் வைப்போம். சம்மேத சிகரமும் கிர்நாரும் செல்வோர்க்குக் குழுக் காப்பீடு செய்வோம். பொன்னூர் மலையில் குந்தகுந்தாசாரியர் திருவடிகளை வணங்கவும், ஆனந்தமங்கலம் குன்றில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசிக்கவும் செல்லும் இளைஞர்க்கு முதலுதவிப் பயிற்சி அளிப்போம். பொழுது சாயுமுன் இறங்கிவிடுதல், தீ மூட்டாமை, வழி விலகாமை ஆகியவற்றை விதியாக அல்லாமல் விரதமாகவே ஏற்கச் செய்வோம். இரவுண்ணாமை கைக்கொள்ளும் நமக்கு இருட்டுமுன் இறங்குவது கடினமான நோன்பு ஆகாது.

நான்காவதாக, இவ்வாண்டு முதல் நம் தான நிதியில் ஒரு பகுதியை 'அபயதானம்' என்ற பெயரிலேயே ஒதுக்குவோம். காட்டிலும் நீரிலும் தீயிலும் பிறரைக் காக்கச் சென்று காயமுற்ற வனக்காவலர், தீயணைப்பு வீரர், மலைவாழ் மக்கள் ஆகியோரின் பிள்ளைகள் கல்விக்கு அது பயன்படட்டும். அதன் கணக்கை ஆண்டுதோறும் இந்த விழா மலரிலேயே அச்சிடுவோம். முதல் தொகையை இன்றே இவ்விழா மேடையில் பெற்றுக்கொள்ளுமாறு அறங்காவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியாய் அமைவதே அவற்றின் இயல்பு என்று உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் உணர்த்தியுள்ளார். நம் ஜைனச் சின்னத்தின் அடியில் அக்கருத்தையே பொறித்து வைத்துள்ளோம். பொறித்ததைச் செய்கையால் மெய்ப்பிக்கும் வாய்ப்பாக இதனைக் கொள்வோம்.